ஊர்நலக் கணக்கு யாருக்கு?

கடிதம் எழுதும் வழக்கம் நம்மிடையே உயிரோடிருந்த நாள்களில் எந்த மடலும் நலம் விசாரிக்காமல் தொடங்கியதில்லை. நலம், நலமறிய ஆவல் என்று எழுதிய பின்னரே பயிர் விளைந்த செய்தியும் பணம் அனுப்பிய செய்தியும் இடம்பெறும். வெறும் சடங்குபோல் தோன்றினும் அத்தொடக்கத்தில் ஓர் அறம் உறைந்திருந்தது. எவருடைய நலத்தை அறிய விரும்பினோமோ அவரிடமே கேட்டோம். அவருடைய மறுமொழி வரும்வரை காத்திருந்தோம். அடுத்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அவர் நலமாயிருக்கிறார் என்று நாமே முடிவு கட்டியதில்லை.

ஒருவரின் நலத்தை அறிய இம்முறை போதும். ஓர் ஊரின் நலத்தை அறிவது எங்ஙனம்? பல நூறு குடும்பங்கள் வாழும் ஊரில் யாரிடம் கேட்பது? கேட்டதை எவ்வாறு தொகுப்பது? தொகுத்ததை எவர் முன் வைப்பது? நம் ஊராட்சி மன்றங்கள் இன்று செய்துவரும் ஒரு பணி இக்கேள்விகளை நம்முன் எழுப்புகின்றது. இவை அலுவலர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாகக் கேள்விகள் என்று நாம் ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால், ஊரைப் பற்றிய உண்மையைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் அறக்கேள்வி இவற்றுள் அடங்கியிருக்கின்றது. ஆகவே, இவற்றைச் சற்று நின்று சிந்திப்போம்.

ஏட்டில் ஏறும் ஊர்

இந்திய அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. நம் மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, ஊர்ச்சாலை, இடுகாடு ஆகியவற்றைப் பேணும் பொறுப்பு அவற்றுக்குரியது. ஊராட்சி ஒவ்வொன்றும் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தானே ஆண்டுதோறும் வகுக்க வேண்டும் என்னும் முறை 2015 முதல் வலியுறுத்தப்பட்டு வருகின்றது. வளர்ச்சிக்குத் திட்டமிட வேண்டுமெனில், ஊர் இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பது முதலில் தெரிய வேண்டுமன்றோ?

இத்தேவையிலிருந்து பிறந்ததே ஊராட்சி முன்னேற்றக் குறியீடு. நடுவண் அரசின் ஊராட்சி அமைச்சகம் 2022-23-ஆம் ஆண்டுக்கான தரவுகளைக் கொண்டு இதன் முதல் அறிக்கையை 2025 ஏப்ரலில் வெளியிட்டது. வறுமை ஒழிப்பும் வாழ்வாதாரமும், உடல்நலம், குழந்தைகள், நீர்வளம், தூய்மையும் பசுமையும், உட்கட்டமைப்பு, சமூக நீதி, நல்லாட்சி, பெண்கள் என ஒன்பது பொருள்களில் ஊரின் நிலை அளக்கப்படுகின்றது. இவ்வொன்பதின் கீழ் 435 குறியீடுகள். அவற்றைக் கணிக்க 566 வகைத் தரவுகள். எல்லாம் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஊருக்கு மதிப்பெண் இடப்படுகின்றது.

அவ்வறிக்கையில் சரிபார்க்கப்பட்ட ஊராட்சிகள் 2,16,285. நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் பெற்று முதல் வகுப்பில் நின்ற ஊராட்சி ஒன்றுகூட இல்லை. எழுபத்தைந்து முதல் தொண்ணூறு வரை பெற்றவை 699. அறுபது முதல் எழுபத்தைந்து வரை பெற்றவை 77,298. நாற்பது முதல் அறுபது வரை பெற்றவை 1,32,392. நாற்பதுக்கும் குறைந்தவை 5,896. முதல் வகுப்பு காலியாகவே கிடக்கின்றது என்பதை மறைக்காமல் ஓர் அரசு அறிக்கை சொல்லியிருப்பது பாராட்டத்தக்கதே. குறையை ஒப்புக்கொள்ளும் எண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு.

அளப்பதும் அறமே

எண்களைக் கண்டாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உளர். அன்பையும் அமைதியையும் எடைபோட முடியுமா என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், அளவையே வேண்டாம் என்று தள்ளிவிட்டால் இழப்பு யாருக்கு? அளவை இல்லாத ஊரில் உரக்கப் பேசுபவரின் தெருவுக்கே சாலை வரும். தலைவரின் உறவினர் வீட்டு வாயிலிலேயே அடிகுழாய் முளைக்கும். எண்ணிப் பார்க்கும்போதுதான் எந்தத் தெரு விடுபட்டது என்பது வெளிச்சத்துக்கு வரும். எளியவருக்கு எண் ஒரு சான்று. சில வேளைகளில் அவருக்கு இருக்கும் ஒரே சான்று.

ஊரின் நலத்தைப் பகுத்துப் பார்க்கும் எண்ணம் நமக்குப் புதிதுமன்று. நல்ல நாட்டுக்கு அணிகலன்கள் எவை என்று வகுக்கும் வள்ளுவர், திருக்குறளின் 'நாடு' என்னும் அதிகாரத்தில் ஐந்தினைக் குறிப்பிடுகின்றார். நோயில்லாமை, பொருள்வளம், விளைச்சல், மகிழ்ச்சி, பாதுகாப்பு என்பன அவை. முதல் மூன்றையும் ஏறத்தாழ எண்ணிவிடலாம். பின்னிரண்டையும் அவ்வாறு எளிதில் எண்ணிவிட முடியாது. எண்ணக்கூடியவற்றோடு எண்ணக் கடினமானவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தப் பார்வையில் ஆழ்ந்த நிதானம் உண்டு.

அளவை உயிர்களைக் காத்ததற்கு நம் மாநிலமே சான்று. மகப்பேற்றின்போது நேரும் தாயின் இறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்துப் பதியும் முறை தமிழ்நாட்டில் 1990-களில் வேரூன்றியது. இறந்தவரின் வீட்டுக்கே சென்று, எப்போது வலி கண்டது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனையில் எத்தனை நாழிகை காத்திருந்தனர் என்றெல்லாம் குடும்பத்தாரைக் கேட்டறியும் முறை அது. 2001-03 காலத்தில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்த விசாரணை முறைக்கும் இடம் உண்டு என்பதை மறுக்க இயலாது. அங்கே எண் என்பது பெயரோடும் முகத்தோடும் ஒட்டியிருந்தது. கணக்கெடுத்தவர் இழப்பைச் சுமந்தவரின் திண்ணையில் அமர்ந்து அவர் வாய்மொழியைக் கேட்டார். நல்ல அளவையின் இலக்கணம் இதுவே எனலாம்.

அளவை பிறழும் இடம்

எண் முகத்தை விட்டு விலகும்போது என்ன நேர்கின்றது? இதற்கும் அண்மைக்காலச் சான்றுகள் உள.

தூய்மை இந்தியா இயக்கத்தின் முடிவில், 2019 அக்டோபர் 2 அன்று, நாட்டின் ஊரகப் பகுதிகள் யாவும் திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்றவை என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஆய்வொன்று வெளிவந்தது. 2018 சூலை முதல் டிசம்பர் வரை வீடுவீடாகக் கேட்டறிந்த அவ்வாய்வின்படி, கழிப்பறை வசதி உடைய ஊரகக் குடும்பங்கள் 71.3 விழுக்காடே. அக்காலத்தில் இயக்கத்தின் கணக்கோ 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அரசின் உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் சிலர் இருப்பதை இல்லையென்று கூறியிருக்கலாம் என்ற விளக்கமும் அப்போது தரப்பட்டது. அதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். பின்னர் 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வும் நாட்டின் குடும்பங்களில் 19 விழுக்காட்டினர் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்றே கண்டது. கோடிக்கணக்கான கழிப்பறைகள் கட்டப்பட்டது மெய். கட்டியதை எண்ணிய ஏடும், வாழ்வைக் கேட்டறிந்த ஏடும் இருவேறு ஊர்களைக் காட்டின என்பதும் மெய்.

குடிநீருக்கும் இதே கதைதான். வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் இயக்கம் 2019-இல் தொடங்கப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல நீர் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். குழாய் பொருத்தியதும் ஏட்டில் ஒரு வீடு நிறைவு பெற்றுவிடும். ஆனால், 2022-இல் நடந்த செயல்பாட்டு மதிப்பீடு, அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் அமைந்த இணைப்புகள் 62 விழுக்காட்டு வீடுகளிலேயே இருந்தன என்றது. குழாயை எண்ணுவது எளிது. நீரை எண்ணுவது கடினம். காலிக் குடத்தோடு குழாயடியில் விடியற்காலையிலேயே காத்திருக்கும் பெண்ணின் நேரத்தை எண்ணுவது அதனினும் கடினம்.

இதில் யாரையும் பொய்யர் என்று நாம் பழிக்க வேண்டியதில்லை. ஊராட்சிச் செயலரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாலைக்குள் விவரம் வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகின்றது. கட்டங்கள் பல, நேரமோ சில மணிகள். சென்ற ஆண்டின் எண்ணைச் சற்றுக் கூட்டி எழுதிவிடுவது மனித இயல்பு. எண் குறைந்தால் கண்டிப்பு, கூடினால் பாராட்டு என்ற நிலை வரும்போது, எண் தானாகவே கூடத் தொடங்கும். அமெரிக்க சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களிலேயே இதனை ஒரு விதிபோல் எடுத்துரைத்தார். ஓர் எண்ணைக் கொண்டு எவ்வளவுக்கெவ்வளவு முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு அவ்வெண்ணும் அது அளக்க வந்த வாழ்வும் சீர்கெடும் என்பது அவர் கருத்து. நம் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் கண்டவர்க்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை.

சராசரியில் மறையும் தெரு

பொய்யே கலவாத எண்ணும் உண்மையை மறைக்கக் கூடும். ஓர் ஊராட்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கு நீர் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட பத்து வீடுகள் ஊர் முழுதும் சிதறிக் கிடக்கின்றனவா, அன்றி ஒரே தெருவில் இருக்கின்றனவா? ஒரே தெருவாயின் அது எந்தத் தெரு? தொண்ணூறு என்னும் மதிப்பெண் இதைச் சொல்லாது. நம் ஊர்களின் அமைப்பை அறிந்தவர்க்கோ இக்கேள்வியே முதற்கேள்வி. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்தபோது எஞ்சியவற்றின் விழுக்காட்டைக் கணக்கிட்டு மனநிறைவு கொள்ளாத மேய்ப்பரை நாம் அறிவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பர் இறுதியில் நிகழ்ந்ததை நாடே அறியும். பட்டியலினக் குடும்பங்களுக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது தெரியவந்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். நாம் இங்குக் கருத வேண்டியது வேறொன்று. குடியிருப்புக்கு மேல்நிலைத் தொட்டி உள்ளதா என்னும் கேள்விக்கு அந்நாளுக்கு முன்பும் 'ஆம்' என்பதே விடை. அந்நாளிலும் 'ஆம்' என்பதே விடை. ஏட்டின் கட்டம் இம்மியும் அசையவில்லை. வள்ளுவர் வரிசையில் இறுதியாக நின்ற பாதுகாப்போ அன்று அவ்வீடுகளை விட்டு நீங்கியது.

கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டிருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் 2020-இல் வெளியாயிற்று. ஏட்டின்படி அங்கே என்ன குறை? கூட்டம் நடந்தது. தலைவர் பதவியில் ஒரு பெண் இருந்தார், இடஒதுக்கீடும் நிறைவேறியிருந்தது. நாற்காலியைப் பற்றி எந்தப் படிவமும் கேட்கவில்லை. 2022 ஆகஸ்டில், பட்டியலினத் தலைவர்கள் விடுதலை நாள் கொடியை ஏற்றுவதற்கு எவ்விதத் தடையும் நேராமல் பார்த்துக்கொள்ளுமாறு மாநிலத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத நேர்ந்தது. எண்கள் யாவும் நிறைவு பெற்ற ஊரிலும் மாண்பு குறைபட்டுக் கிடக்கலாம் என்பதற்கு இவை போதிய சான்றுகள் அன்றோ?

பெயர் மாறி எண்ணப்படுவோர்

கணக்கில் விடுபடுவோர் ஒருபுறமிருக்க, வேறு பெயரில் எண்ணப்படுவோரும் உளர். இவர்கள் நமக்கு அயலார் அல்லர். பட்டியலினத்தாரை வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, தொடக்கத்தில் இந்துக்களை மட்டுமே அப்பட்டியலில் ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எண்ணப்படுகின்றனர். இவ்வினாவை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது.

இதன் விளைவு என்ன? ஒரே தெருவில், ஒரே கூரைவேலி பிரிக்கும் இரு வீடுகளில் உடன்பிறந்தார் இருவர் வாழ்கின்றனர். ஒருவர் பட்டியலினத்தார் என ஏட்டில் ஏறுகின்றார். திருமுழுக்குப் பெற்ற மற்றவர் அவ்வாறு ஏறுவதில்லை. ஊரார் பார்வையில் இருவருக்கும் ஒரே நிலை. ஏட்டின் பார்வையில் இருவேறு நிலை. ஊராட்சி வார்டுகளின் இடஒதுக்கீடு மக்கள்தொகைக் கணக்கைப் பொறுத்தே அமைவதால், இவ்வேறுபாடு ஊரின் அதிகாரப் பகிர்வையும் தொடுகின்றது. தாம் படும் துன்பம் எந்தக் கட்டத்திலும் பதிவாகாத மக்களின் நலத்தை எந்தக் குறியீடு அளந்து சொல்லும்?

அரசின் ஏட்டைக் குறைசொல்லும் நாம் நம் ஏட்டையும் திறந்து பார்ப்பது நேர்மை. இத்தனை குடும்பங்கள், இத்தனை அன்பியங்கள், இத்தனை திருமுழுக்குகள் என்று பங்குகளின் ஆண்டறிக்கை பேசும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர்களில், அச்சுவரைப் பற்றி எந்த ஆண்டறிக்கை பேசியது? தேர்ப்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகின்றது என்பதை எந்தப் புள்ளிவிவரம் காட்டியது? உண்மையை எண்ணத் தயங்கும் நோய் ஊராட்சி அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று.

கணக்கு யார் முன்?

இந்நிலையில் எண்களை இன்னும் கூட்டினால் போதுமா? 435 குறியீடுகளை ஆயிரமாக்கினால் உண்மை முழுமையாகிவிடுமா? அவ்வாறு நாம் கருதவில்லை. எத்தனை எண்ணினோம் என்பதைவிட, எண்ணியதை யார் முன் படித்தோம் என்பதே இங்கு முதன்மையானது.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவது வழக்கம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர் என்பது அவற்றுள் ஒரு விதி. கணக்குக் காட்டுவதை ஊராட்சியின் உயிராகக் கருதிய விதி அது. ஆயினும், பெருமையோடு நின்றுவிடாமல் ஒன்றை நாம் கேட்டாக வேண்டும். அக்கணக்கு யார் முன் காட்டப்பட்டது? சொந்த நிலமும் சொந்த மனையும் மறைநூல் கல்வியும் உடைய ஆடவரே அச்சபையில் இடம்பெற முடிந்தது. நிலத்தை உழுதவர் முன்போ, நாற்று நட்ட பெண்கள் முன்போ எவரும் கணக்குப் படிக்கவில்லை.

அந்தக் குறையை நீக்கும் வாய்ப்பு நம் காலத்துக்கே வாய்த்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. நிலமுள்ளவர் என்றும் இல்லாதவர் என்றும், ஆண் என்றும் பெண் என்றும் அங்கே வேறுபாடில்லை. சட்டத்தின்படி ஊராட்சி தன் கணக்கை வைக்க வேண்டிய இடம் அதுவே.

ஊர் நடுவே படிக்கப்படும் கணக்கின் வலிமையை ராஜஸ்தானத்து எளிய மக்கள் உலகுக்குக் காட்டினர். 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு மக்கள் விசாரணைக் கூட்டங்களைத் தொடங்கியது. வேலைக்கான வருகைப் பதிவேடு ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டது. வேலைக்கே வராதவர் பெயர்கள் ஏட்டில் இருந்தன. கட்டி முடிக்கப்படாத கட்டடம் முடிந்ததாக எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்துக்குள் ஐயத்துக்கிடமின்றித் தோன்றிய ஏடு, பெயருக்குரியவர் எழுந்து நின்று 'நான் வேலை செய்யவில்லையே' என்றதும் நிலைகுலைந்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட போராட்டங்களுள் இதுவும் ஒன்று. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் கிராம சபை வழியான சமூகத் தணிக்கையைக் கடமையாக்கியது.

நம் எண்களோ பெரும்பாலும் மேல்நோக்கியே ஏறுகின்றன. ஊராட்சியிலிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து சென்னைக்கும் தில்லிக்கும் அவை பயணம் செய்கின்றன. ஏறியவை திரும்ப இறங்கி வந்து, தாம் யாரைப் பற்றியனவோ அவர்கள் முன் நிற்பது அரிது. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவில்லை. 2025 சனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் தேர்தலின்றித் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். மக்கள் தேர்ந்த மன்றம் இல்லாத அந்நாள்களிலும் ஏடுகள் எழுதப்பட்டன. விவரங்கள் மேலே சென்றன. மன்றமே இல்லாதபோதும் மன்றத்தின் முன்னேற்ற அறிக்கை தங்குதடையின்றி எழுதப்படக்கூடும் என்றால், அவ்வறிக்கை யாருக்காக எழுதப்படுகின்றது என்று கேட்பது தவறாகுமா?

ஊரே மறைக்கும் உண்மை

இங்கு ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். கிராம சபையில் மட்டும் உண்மை முழுதும் வெளிப்பட்டுவிடுமா? மக்கள்தொகைக்கேற்ப 50 பேர் முதல் 300 பேர் வரை கூடினால் போதும் என்ற வரம்பை நிறைவு செய்ய, நூறுநாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து அமரவைத்த ஊர்கள் பல. கைநாட்டு வாங்கித் தீர்மானத்தைப் பின்னர் எழுதிக்கொண்ட ஊர்களும் உண்டு. யாருடைய வயலில் நாளைக்குக் கூலிவேலை செய்ய வேண்டுமோ, அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, பின்வரிசையில் இருப்பவர் எதைத் துணிந்து பேசுவார்?

அதுமட்டுமன்று. ஊரே ஒன்றுசேர்ந்து மறைக்கும் உண்மைகளும் உண்டு. 1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். பிறந்தும் வாழவிடப்படாத அந்தப் பெண் மகவுகளைப் பற்றி எந்த ஊர்க்கூட்டமும் தீர்மானம் இயற்றவில்லை. ஊர் வாய்திறவாதபோது எண்ணே பேசியது. 1992-இல் அம்மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆகவே, வெளியிலிருந்து வரும் எண்ணும் வேண்டும். ஊருக்குள்ளிருந்து எழும் குரலும் வேண்டும். ஒன்றை மற்றொன்று சோதிக்க வேண்டும். எண், ஊரின் மௌனத்தைக் குலைக்க வேண்டும். ஊரின் குரல், எண்ணின் செருக்கை அடக்க வேண்டும். இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் முதலில் பேசும் உரிமை யாருக்கு? அங்கே பேசவே அஞ்சுபவருக்கு. ஓர் ஊரின் நலத்தை அவ்வூரின் வசதியான வீட்டிலிருந்து தொடங்கிக் கேட்டால் ஒரு விடை வரும். கடைசித் தெருவிலிருந்து கேட்டால் வேறொரு விடை வரும். இரண்டாவது விடையைக் கேளாமல் எழுதப்பட்ட அறிக்கை, அதன் எண்கள் ஒவ்வொன்றும் சரியாயினும், நீதியான அறிக்கை ஆகாது என்பதே நம் முடிவு.

நம் கையிலுள்ள பணி

இவ்வளவும் அலுவலர்கள் செய்ய வேண்டியவை என்று நாம் கைகழுவிவிட முடியாது. கிராம சபை நாளன்று நம்மில் எத்தனை பேர் அங்கே செல்கின்றோம்? படித்தவர்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதை நூறுநாள் வேலைக்காரர்களின் கூட்டம் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுகின்றனர். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் வராத கூட்டத்தில், ஏட்டில் இருப்பதே உண்மையாகிவிடும்.

செல்வோமாயின் சில எளிய கேள்விகளை நாம் எழுப்பலாம். இந்த எண்ணை யார், எப்போது, எந்த வீட்டில் கேட்டு எழுதினார்? நம் ஊராட்சிக்கு இட்ட மதிப்பெண்ணைக் குக்கிராமம் குக்கிராமமாகப் பிரித்துக் காட்ட முடியுமா? இதில் விடுபட்டவர் யார்? சென்ற ஆண்டு செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் போனது எது, ஏன்? இக்கடைசிக் கேள்விக்கு விடையளிக்கும் ஊராட்சித் தலைவரை நாம் ஏளனம் செய்யாமல் மதிக்கவும் பழக வேண்டும். குறையைச் சொன்னவுடன் தாக்கப்படுவார் எனில், அடுத்த ஆண்டு அவர் நிறைவை மட்டுமே சொல்வார். உண்மையான அறிக்கையை எதிர்பார்க்கும் மக்கள், உண்மையைத் தாங்கும் மக்களாகவும் இருத்தல் வேண்டும்.

வரவு செலவு விவரங்களைப் பதாகையில் எழுதிக் கூட்டத்தில் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனருகே நின்று, எழுத்தறியாத ஒருவருக்கு அதைப் படித்துச் சொல்வது ஒரு சிறு தொண்டு. அதற்குப் பெரிய கல்வி எதுவும் வேண்டியதில்லை. பேச அஞ்சும் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் எழுந்து பேசும்வரை உடனிருப்பது அதனினும் மேலான தொண்டு. அவர் பேச வேண்டியதை நாமே அவருக்காகப் பேசிவிடாமல் இருப்பதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு நாம் தனியே செல்ல வேண்டாம். இதுவரை அங்கே வந்தறியாத ஒருவரைக் கடைசித் தெருவிலிருந்து அழைத்துக்கொண்டு செல்வோம். ஊராட்சியின் நலக்கணக்கு படிக்கப்படும்போது, அவர் முகத்தைப் பார்ப்போம். அது மெய்யா அன்றா என்று அவரிடமே கேட்போம்.